அடிக்குறிப்பு இல்லாத வரி

என் வாய்மொழித் தேர்வு நடந்த அன்று சேலம் கல்லூரியின் கூடத்தில் முப்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவற்றில் பதினான்கில் என் வீட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேன் பிடித்து வந்திருந்தோம்.

முனைவர் பட்டத்துக்கான கடைசிச் சடங்கு அது. ஆய்வேட்டை எழுதியவர் மேடையில் நின்று அரை மணி நேரம் பேச வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் கேள்வி கேட்பார். பிறகு பார்வையாளர்களும் கேட்கலாம் என்று அறிவிப்பார்கள். பார்வையாளர்கள் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை முதல் நாளே துண்டுச் சீட்டில் எழுதி இரண்டு ஆய்வு மாணவர்களிடம் கொடுத்திருந்தோம். அவற்றுக்கான பதில்கள் என்னிடம் இருந்தன.

இரண்டு பேரும் கேட்டார்கள். நானும் சொன்னேன். துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, வேறு யாராவது கேட்கிறீர்களா என்றார். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கலாம் என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பின்வரிசையில் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

மூன்றாவது வரிசையில் மல்லிகா அக்கா எழுந்து நின்றார். கையில் என் ஆய்வேட்டின் நகல். நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணு கேக்கோணுமுங்க," என்றார்.

காலியாக இருந்த தலைப்பு

மல்லிகா அக்கா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப் பண்ணை இருக்கிறது. இரண்டு குடும்பமும் ஒரே வளவுக்குள் குடியிருக்கிறோம். நான் ஒரு விடுதிப் பள்ளியில் தமிழாசிரியை. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக ஏழு வருஷம் ஆய்வு செய்தேன்.

தலைப்பை நெறியாளர்தான் கொடுத்தார். பழந்தமிழ் இலக்கியங்களில் இறைமையும் நன்மையும். ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டேன். இது இப்போது காலியாக இருக்கிறது என்றார். முன்பு எடுத்தவர் பாதியில் துபாய் போய்விட்டாராம்.

எங்கள் நெறியாளருக்கு மூன்று நம்பிக்கைகள் உண்டு. ஒவ்வோர் இயலும் ஒரு வரையறையில் தொடங்க வேண்டும். ஒவ்வோர் இயலும் ஓர் அட்டவணையில் முடிய வேண்டும். ஆய்வேடு மங்கலமாக முடிய வேண்டும். மற்றபடி நல்ல மனிதர். என் மகனுக்கு டெங்கு வந்தபோது இரண்டு அறிக்கைகளைத் தானே எழுதி என் பெயரில் கொடுத்தவர்.

அவர் சொன்னபடி கடவுளுக்கும் ஓர் அட்டவணை போட்டேன். முதல் கட்டத்தில் பண்பு, அடுத்ததில் பாடல், அடுத்ததில் பக்க எண். படைத்தல், அழித்தல், அஞ்ச வைத்தல், ஆட்கொள்ளுதல், திட்டு வாங்குதல் என்று வரிசை நீண்டது. திட்டு வாங்குவதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் தேவைப்பட்டது. 'காரணம் சொல்லுதல்' என்றொரு வரிசையும் போட்டு வைத்திருந்தேன். நாலு வருஷம் தேடியும் அதன் எதிரே எழுத எதுவும் கிடைக்கவில்லை. காலிக் கட்டம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வரிசையையே எடுத்துவிடுங்கள் என்றார் நெறியாளர். எடுத்துவிட்டேன்.

இயல்களை நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் தட்டச்சுக்குக் கொடுப்பேன். அந்தப் பெண் பகலெல்லாம் கோழித் தீவனக் கம்பெனிகளுக்குப் பில் அடிப்பவள். இறை என்ற சொல்லில் வல்லின றகரத்துக்குப் பதிலாக இடையின ரகரத்தைப் போட்டிருந்தாள். முதல் இயல் முழுவதும் கடவுள் இரையாக இருந்தார். இரையின் கருணை, இரையின் திருவடி, அனைத்து உயிர்க்கும் மூலமான இரை. எங்கள் பண்ணையைப் பொறுத்தவரை அதில் தவறு சொல்ல முடியாது. நெறியாளரும் அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கவனித்தது மல்லிகா அக்கா.

அவர் எங்கேயும் நேரத்துக்குப் போனதில்லை

அதைச் சொல்லும் முன் அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கணவனின் அண்ணனை மச்சாண்டார் என்போம். மச்சாண்டார் நல்லவர். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் வீட்டுக்கு ஏற்பட்ட சிரமங்களை ஊர் அறியாது.

ரோட்டில் யாருடைய வண்டி நின்றாலும் தன் வண்டியை நிறுத்துவார். ஜாக்கி, கயிறு, பஞ்சர் சாமான், ஐந்து லிட்டர் தண்ணீர் எல்லாம் பின்னால் எப்போதும் இருக்கும். ஒரே மகளுக்குக் காது குத்தியபோது மோகனூர் ரோட்டில் யாருடைய டிராக்டரையோ சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுது முடித்த பிறகு முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டிராக்டர்க்காரர் நன்றி சொல்ல ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்ததில் கோபத்தைத் தொடர முடியாமல் போயிற்று.

என் ஆய்வின் நான்காம் வருஷம், ஒரு காலை நேரம், ராசிபுரம் போகக் கிளம்பினார். புதுச்சத்திரம் தாண்டி மக்காச்சோளம் ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார். உள்ளே மாட்டியிருந்த டிரைவரைக் கண்ணாடி வழியாக வெளியே இழுத்து மண்ணில் படுக்க வைத்தார். டிரைவருடைய செருப்பை எடுத்து வரலாம் என்று திரும்பியிருக்கிறார். பின்னால் வந்த வேறொரு வண்டி சிந்திக் கிடந்த சோளத்தில் வழுக்கி மச்சாண்டார் மேல் ஏறியது.

டிரைவர் பிழைத்துக்கொண்டார்.

அவர் மேச்சேரிப் பக்கத்துக்காரர். வருஷா வருஷம் அதே நாளில் வருவார். முதல் வருஷம் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டினார். என் மாமியார் அதைத் திருப்பி ஓட்டிப்போகச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து பழம் கொண்டுவருகிறார். வந்தால் என்ன பேசுவதென்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒருமுறை அக்காவைப் பார்த்து, "உங்க ஊட்டுக்காரர சாமிதானுங்க எனக்கு அனுப்பிச்சுது," என்றார். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

சிவப்புப் பேனா

காரியம் முடிந்து மாசக்கணக்கில் அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. பண்ணைக் கணக்கு, சமையல், கோயில் எதற்கும் இல்லை. அவர் பன்னிரண்டாவது வரை படித்தவர். தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியாமல் தட்டச்சு செய்த தாள்களை எடுத்துக்கொண்டு போய், பிழை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் மனசை மாற்றுவதற்காகக் கேட்டதாகப் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். எனக்கு நிஜமாகவே பிழை பார்க்க ஆள் தேவைப்பட்டது என்பதும் உண்மை.

மறுநாள் கடவுள் எல்லாப் பக்கங்களிலும் சிவப்பு மையில் றகரம் பெற்று வந்தார்.

அதிலிருந்து மூன்று வருஷம் அக்காதான் என் முதல் வாசகி. கருத்து எதுவும் சொல்ல மாட்டார். ஒற்று மிகும், மிகாது, இங்கே அடிக்குறிப்பு எண் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அடிக்குறிப்பில் கறார். பாட்டின் எண் கொடுத்திருந்தால் என் அலமாரியிலிருந்து மூல நூலை எடுத்து, அந்தப் பாட்டு அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிக் போடுவார். பல்கலைக்கழகத்தில் யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

இப்படியே அவர் பழைய நூல்களை எல்லாம் படித்துவிட்டார். மிகப் பழைய பாட்டுகளில் மலைக்கும் காட்டுக்கும் கடலுக்கும் தெய்வங்கள் உண்டு. அவற்றுக்கு ரத்தமும் பூவும் படைப்பார்கள். ஆனால் பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கு முன் யாரும் தெய்வத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அதன் பிறகு வந்த நீதி நூல்கள் முதலில் கடவுளை வணங்கிவிட்டு, மிச்சப் பக்கங்களில் எல்லாம் மனிதனிடமே பேசுகின்றன. பக்திக் காலத்தில் கடவுள் பக்கத்து வீட்டுக்காரர் போல நெருங்கி வந்துவிடுகிறார். நெருங்கி வந்ததும் சோதிக்கத் தொடங்குகிறார். ஒரு சாதாரண மனிதன் வாய்விட்டுக் கேட்கக் கூசுவதை எல்லாம் அடியாரிடம் கேட்கிறார். அடியார்களும் கொடுக்கிறார்கள்.

அந்த இயலைப் படித்துவிட்டுத் திருப்பித் தரும்போது மட்டும் அக்கா ஒன்று சொன்னார்.

"கதையில கடசீல திருப்பிக் குடுத்துர்றாரு அம்மணி."

நான் ஆமாம் என்றேன். ஆறு ஒற்றுப் பிழை இருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மங்கலமான முடிவு

கடைசி இயல் எழுதும்போதுதான் வம்பு வந்தது. பழைய இலக்கியத்தில் கடவுளை நம்புகிறார்கள், பயப்படுகிறார்கள், கொஞ்சுகிறார்கள், திட்டுகிறார்கள்; நன்மையை மட்டும் பெரும்பாலும் மனிதர்களே செய்துகொள்கிறார்கள், அதற்குப் பலன் உண்டென்று உறுதியாகத் தெரியாமலே செய்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். ஏழு வருஷத்தில் எனக்குத் தெரிந்தது அதுதான்.

நெறியாளர் அந்தப் பத்தியை அடித்துவிட்டார். தேர்வாளர்கள் கடைசி இயலைத்தான் படிப்பார்கள், அதில் துக்கம் வேண்டாம் என்றார். இது துக்கம் இல்லையே ஐயா என்றேன். படித்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறதே என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினான்காவது முடிவு: நல்லோரை இறைவன் ஒருபோதும் கைவிடுவதில்லை என்பதையே பழந்தமிழ் இலக்கியங்கள் ஒரே குரலில் உணர்த்துகின்றன.

அதைத் தட்டச்சு செய்து அக்காவிடம் கொடுக்கும்போது கை கூசியது. கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார். கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. மனசுக்குள் காறித் துப்பியிருப்பார், மரியாதைக்காக வெளியே சொல்லவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் கண்ணைப் பார்க்காமலே ஆய்வேட்டைக் கட்டி அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, வாய்மொழித் தேர்வுக்கு முதல் நாள் என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் ஊர் முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற எங்கள் குலவிளக்கு என்று எழுதி, என் படத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்ததால் பண்ணையின் முட்டைச் சின்னத்தையும் போட்டிருந்தார்கள். இன்னும் பட்டம் வரவில்லையே என்றேன். போர்டு இன்றைக்குச் சல்லிசாகக் கிடைத்தது என்றார் வீட்டுக்காரர்.

இருநூற்றுப் பதினேழாம் பக்கம்

இந்த நிலையில்தான் அக்கா எழுந்து நின்றார்.

துறைத்தலைவர் கேளுங்கம்மா என்றார். அக்கா பஸ் டிக்கெட் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார்.

"எரநூத்திப் பதினேழாம் பக்கமுங்க. பதினாலாவது முடிவு. நல்லவங்கள இறைவன் எப்பவும் கைவிடறதில்லைன்னு பழைய இலக்கியமெல்லாம் ஒரே கொரலாச் சொல்லுதுன்னு போட்டிருக்குதுங்க. மத்த பதிமூணுக்கும் கீழ எந்தப் பாட்டு, எத்தனாவது அடின்னு அடிக்குறிப்பு இருக்குதுங்க. இதுக்கு மட்டும் இல்லீங்க. அது எந்தப் பாட்டுங்க?"

நெறியாளர் எழுந்தார். அது எல்லா நூல்களின் சாரம், அதற்குத் தனி ஆதாரம் தேவையில்லை, உட்காருங்கள் என்று தன்மையாகவே சொன்னார்.

வெளித்தேர்வாளர் தென்கோடியிலிருந்து இரவு முழுவதும் பயணம் செய்து வந்தவர். அதுவரை கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அடிக்குறிப்பு என்ற சொல் அவரை எழுப்பிவிட்டது. தன் பிரதியைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த அம்மா கேட்பது நியாயம்தானே. என்ன பாட்டு?" என்றார்.

ஏதாவது ஒரு பாட்டைச் சொல்லியிருக்கலாம். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. யாரையோ கடவுள் காப்பாற்றிய ஒரு பாட்டின் எண் நாக்கு நுனி வரை வந்தது. யாரையோ ஒருவரைக் காப்பாற்றினார் என்பது வேறு, எவரையும் கைவிட்டதில்லை என்பது வேறு. இதை அந்தக் கூடத்தில் கண்டுபிடிக்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

ஊர் முக்கில் இருந்த ஃப்ளெக்ஸும் ஞாபகம் வந்தது.

"இல்லக்கா. அப்படி ஒரு பாட்டு இல்ல. அந்த வரி நானா எழுதினது," என்றேன்.

அக்கா பேனாவை மூடினார். "செரிங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அப்படியானால் நூல்கள் என்னதான் சொல்கின்றன என்று தேர்வாளர் கேட்டார். அடிக்கப்பட்ட பத்தியைச் சொன்னேன். எடுத்துவிட்ட அட்டவணை வரிசையையும் சொன்னேன். அவர் மேலும் மேலும் கேட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாப்பாடு ஆறியது. நெறியாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மூவரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். கடைசி இயலைத் திருத்தி எழுதிக் கொடுத்த பிறகே பட்டத்துக்குப் பரிந்துரை என்று அறிவித்தார்கள். கைதட்டலாமா கூடாதா என்று வீட்டு ஆட்களுக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்திக்கொண்டார். நெறியாளர் சர்க்கரை என்று சொல்லி எங்களோடு சாப்பிடவில்லை.

வேனில்

திரும்பும்போது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மேல் எனக்கு மரியாதை பொங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியர்கள் நிறைந்த கூடத்தில் தன் துக்கத்தை ஒரு சொல்கூடச் சொல்லாமல் ஒரு பொய்யைப் பிடித்தவர். நல்ல கேள்வி கேட்டீங்க அக்கா, எனக்கே இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"நான் மடக்கறதுக்குக் கேக்கல அம்மணி. டைப் அடிக்கறப்ப உட்டுப்போச்சுன்னு நெனச்சேன். நானும் எல்லாப் பொஸ்தகத்துலயும் தேடிப் பாத்தேன், கெடைக்கல. உனக்குத் தெரியுமில்ல, அதான் கேட்டேன். இருக்கும்னு நெனச்சேன்."

மல்லூர் தாண்டியது. ராசிபுரம் பிரிவு தாண்டியது. மங்கலத்துக்காக நான் ஒப்புக்கு எழுதிய வரியை அவர் மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். கோடு போடாதது அதனால்தான்.

திருத்தம்

நெறியாளர் ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. எட்டாம் நாள் அவரே கூப்பிட்டார். எழுதுங்கள், ஆனால் 'எங்கும்' என்று போடாதீர்கள், 'பெரும்பாலும்' என்று போடுங்கள் என்றார். போட்டேன். அவர் சொன்னது சரிதான்.

பதினான்காவது முடிவைப் புதிதாக எழுதினேன். நல்லோரைக் கைவிடுவதில்லை என்ற உறுதியைப் பழம்பாடல்கள் பெரும்பாலும் தருவதில்லை. கைவிடாதே என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. கீழே அடிக்குறிப்பு ஒரு பக்கத்தை நிறைத்து அடுத்த பக்கத்துக்கும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாளை அக்காவிடம் கொண்டுபோனேன். வாங்குவாரோ மாட்டாரோ என்றிருந்தது. வாங்கினார். வரியை இரண்டு முறை படித்தார். பிறகு அடிக்குறிப்பில் உள்ள பாட்டை எல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னார். தரையில் நூல்களைப் பரப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். எங்கே இருக்கிறாய் என்றது ஒன்று. கண் இல்லையா உனக்கு என்றது ஒன்று. பாதியில் அக்கா நிறுத்தினார்.

"இதுல பொம்பளைங்க எழுதுனது இருக்குதா?"

"இருக்குக்கா."

"அவங்களுக்கும் பதில் வல்லியா?"

"வரலக்கா."

"அப்பறம் என்ன பண்ணுனாங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "இன்னொரு பாட்டு எழுதினாங்க."

அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டார். மச்சாண்டார் போன நாளிலிருந்து அவர் அந்தக் காலைப் பொழுதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

"அன்னைக்கு அவரு சாப்புடாமத்தான் கெளம்புனாரு," என்றார். "ராசிபுரத்துல பாத்துக்கறேன்னாரு. நாந்தான் சட்டையப் புடிச்சு உக்கார வெச்சு ரெண்டு இட்லி போட்டேன். பத்து நிமிசம் ஆயிருக்கும்."

பத்து நிமிடம் முன்னால் போயிருந்தால் லாரி அப்போது இன்னும் கவிழ்ந்திருக்காது. அவர் பாட்டுக்கு அந்த இடத்தைக் கடந்து போயிருப்பார். அதை அக்கா சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. அதெல்லாம் அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்னிடம் அதற்கு ஆதாரம் இல்லை.

"அப்பறம்?" என்று கேட்டேன்.

அக்கா சொல்லத் தொடங்கினார். முட்டை எடுக்க வந்த ஆள் வாசலில் நின்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து மறுபடியும் அக்கா எதிரில் உட்கார்ந்தேன்.